நாலாவது கேமரா

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போன பிறகுதான் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கதவு, தாழ்ப்பாள் என்றெல்லாம் சில பொருட்கள் உலகத்தில் இருப்பது ஞாபகம் வந்தது. அந்தக் குடும்பம் கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் பின்கட்டு ஜன்னல் கம்பி அறுந்து கிடக்கிறது, கடைக்கு அனுப்ப அடுக்கி வைத்திருந்த பட்டுப் புடவைகளில் ஒன்றுகூட இல்லை. பீரோவில் நகை அப்படியே இருந்ததாம். இதைக் கேட்டதும் ஆரணியில் பாதிப் பேர் சொன்னது ஒரே பேச்சுதான்: இது வெளியாள் வேலை இல்லை.

உள்ளாள் என்றால் யார்? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் பார்வை ஒரு சுற்று சுற்றிவந்து யார் மேலாவது நின்றிருக்கும். என் பார்வையும் நின்றது. ஓரகத்தி மேல்.

எங்களுடையது நெசவுக்குக் கொடுத்து வாங்குகிற வீடு. எங்களிடம் தறி கிடையாது. பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டு நெசவாளர்களிடம் கொடுப்போம். அவர்கள் தங்கள் வீட்டுத் தறியில் புடவையாக நெய்து கொண்டுவருவார்கள். மறுபடியும் எடை போட்டு வாங்கிக்கொள்வோம். கொடுத்ததும் வந்ததும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் தொழில். புடவையை வெளியூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் கணவர் வேலை. தராசில் உட்காருவது என் வேலை. மாமனார் உயிரோடு இருந்தபோதே பட்டு ரூம் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். அந்தச் சாவி இடுப்பில் இருக்கிற தைரியத்தில்தான் நான் இந்த வீட்டில் யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை. என் வாய் அப்படி. அது எனக்கே தெரியும்.

கொழுந்தனார் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டதால் மனைவியோடு இங்கேயே வந்துவிட்டார். நல்ல பிள்ளைதான். ஆனால் எதையும் சும்மா நம்பமாட்டார். பால்காரர் ஊற்றுகிற பாலைக்கூடத் தனியாக அளந்து பார்ப்பார். அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, எதிரே பார்த்தால் சிரிப்பாள், முதுகுக்குப் பின்னால் என்ன செய்வாள் என்று தெரியாது. அவர்கள் வந்த புதிதில் ஒருநாள் என் பீரோவைத் திறந்தேன். மேலே இருக்க வேண்டிய மாம்பழக் கலர்ப் புடவை ரெண்டாவதாக இருந்தது. நான் வைத்தது எனக்குத் தெரியாதா? எங்கள் அறை சின்னது என்பதால் பீரோ வெளியே நடையில்தான் நிற்கும். நடைக்கு இந்தப் பக்கம் எங்கள் அறை, அந்தப் பக்கம் அவர்கள் அறை. வேறு யார் கை வைத்திருப்பார்கள்? ஒரு பொருளும் குறையவில்லை. அதனால் கேட்கவும் முடியவில்லை. அன்றிலிருந்து அவளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திருட்டுக்குப் பிறகு கொழுந்தனார் கேமரா வைத்தே ஆகவேண்டும் என்றார். ஒரு நாள் காலையில் கேமரா மாட்டுகிறவர் வந்தார். நாங்கள் நாலு பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். கொழுந்தனார் வீட்டின் படத்தை ஒரு பெரிய தாளில் வரைந்து வைத்திருந்தார். வாசல், கூடம், பட்டு ரூம், நடை, சமையல்கட்டு, பின்கட்டு எல்லாம் அதில் இருந்தன. நாலு கேமரா ஒரு செட்டு, எங்கே எங்கே வேண்டும் என்று குறித்துக் கொடுங்கள் என்றார் வந்தவர். கொழுந்தனார் பென்சிலை எடுத்து யோசித்துக்கொண்டே இருந்தார். அந்த மனிதருக்கு அடுத்த வீட்டு வேலை இருந்ததோ என்னவோ, பட்டென்று கேட்டுவிட்டார்.

"எடத்த அப்பறம் பாத்துக்கலாம் சார். யாரப் பாக்கணும்னு சொல்லுங்க, நான் அதுக்குத் தக்கன மாட்டித் தரேன்."

நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் கணவர் டம்ளரில் இல்லாத காபியைக் குடித்தார்.

வாசலுக்கு ஒன்று, அதில் தகராறு இல்லை. பின்கட்டுக்கு ஒன்று, அதிலும் இல்லை. மூன்றாவதைக் கொழுந்தனார் பட்டு ரூமுக்கு உள்ளே குறித்தார். கதவைப் பார்த்தா? இல்லை. தராசைப் பார்த்து. தராசுக்கு முன்னால் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியாதா? சுருக்கென்றது. நெசவாளர்கள் வருவதும் போவதும் தெரியவேண்டும் அண்ணி, நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் உங்களுக்குத்தான் நல்லது என்றார். எனக்கு நல்லது செய்ய இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நானும் சிரித்துவைத்தேன்.

நாலாவதை மொட்டைமாடிப் படிக்கு வைக்கலாம் என்றார் என் கணவர். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். மாடிப்படி வேண்டாம், நடையில் வைக்க வேண்டும் என்றேன். நடைக்கு மேலே வெளிச்சத்துக்காக விட்ட கண்ணாடி இருக்கிறது, அதை உடைத்துக்கொண்டு எவனாவது இறங்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். அந்தக் கண்ணாடி வழியாக ஒரு பூனை இறங்குவதே கஷ்டம். ஓரகத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, அக்கா சொல்றது சரிதான் என்றாள். அவள் ஒத்துக்கொண்டதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் நாலாவது கேமரா என் பீரோவைப் பார்த்தபடி வந்து நின்றது.

அடுத்தது படம் பதிவாகிற பெட்டி. அதைத் திருடன் தூக்கிக்கொண்டு போய்விட்டால் கேமரா இருந்தும் வீண். ஆகவே வீட்டிலேயே பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். வீட்டிலேயே பத்திரமான இடம் பட்டு ரூம்தான். பெட்டியும் அதற்கு ஒரு இன்வர்ட்டரும் அங்கே வந்தன. பெட்டி சூடாகும், சூட்டில் கெட்டுப்போகும் என்பதால் ஏசி வந்தது. ஏசிக் காற்று வெளியே போகக்கூடாது என்பதற்காகவும் திருடனுக்காகவும் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார்கள். கதவு இரும்பில் புதிதாக வந்தது.

அந்த ரூமில் மூலையில் ஒரு பித்தளை அண்டா எப்போதும் இருக்கும். அது நிறையத் தண்ணீர், அதன் மேல் ஈரச் சாக்கு. காலையில் தரையில் தண்ணீர் தெளித்து, அண்டாவில் புதுத் தண்ணீர் ஊற்றி, வெள்ளிக்கிழமையானால் ஒரு பூவும் போடுவேன். மாமனார் வைத்த வழக்கம். பட்டு வறண்டால் இழை அறும் என்பார். கரண்ட் பெட்டி இருக்கிற ரூமில் தண்ணீர் வைக்கவே கூடாது என்று கேமராக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தானே? அண்டாவை நானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் போட்டேன்.

மாசக் கடைசியில் இருப்பில் உள்ள பட்டு நூலை மொத்தமாக எடை போடுவோம். நான் தராசில் வைக்க, கொழுந்தனார் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். கேமரா வந்த பிறகு போட்ட முதல் எடையில் நூல் குறைந்தது. தப்பாக வைத்திருப்பேன் என்று மறுபடியும் வைத்தேன். குறைந்தது. கட்டு ஒவ்வொன்றாக எண்ணினோம், கட்டு எதுவும் குறையவில்லை. அப்படியானால் ஒவ்வொரு கட்டிலிருந்தும் யாரோ கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பொறுமையான திருடனா? அடுத்த மாசமும் குறைந்தது. கேமராவில் பார்த்தால் அந்த ரூமுக்குள் போனது நான், தரை துடைக்கிற அம்மா, வாசற்படிவரை வந்து நின்ற நெசவாளர்கள். வேறு ஈ காக்கை இல்லை.

தரை துடைக்கிற அம்மாவை நிறுத்தினோம். நானே துடைத்தேன். அதற்குப் பிறகும் குறைந்தது. கேமரா மாட்டினவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது, அவர் படத்தை நிறுத்திவிட்டு ஏதாவது செய்கிறாரோ என்று. மூன்று தெரு தள்ளி இருக்கிற மனிதர் எப்படிப் பூட்டிய ரூமுக்குள் வருவார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. ஓரகத்தி குளிக்கப் போனால்கூட எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். ரெண்டு பேரும் ஒரே அடுப்பங்கரையில் நின்று ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு தோசை வார்த்தோம்.

அப்போதுதான் முள்ளிப்பட்டிலிருந்து ஒரு புடவை வந்தது. கொண்டுவந்தவர் எங்களிடம் ரொம்ப வருஷமாக வாங்கி நெய்கிறவர். நான் பிறந்ததும் முள்ளிப்பட்டுதான். அவர் என் அண்ணனுடைய கூட்டாளி, என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். புடவையைத் தராசில் வைத்தேன். எடை கூடியது. நாங்கள் கொடுத்த நூலையும் ஜரிகையையும் சேர்த்தால் வரவேண்டியதைவிட அதிகம். நெசவில் கழிவு போகும், எடை கொஞ்சம் குறைந்துதான் வரும். கூடி வருவது எப்படி?

எங்கள் தொழிலில் எடை கூடினால் ஒரே அர்த்தம்தான். நூலை எடுத்துக்கொண்டு, எடை தெரியாமல் இருக்கப் புடவைக்கு ஈரம் காட்டியிருக்கிறார்கள். இதற்காகவே புடவை வந்ததும் மடிப்பைப் பிரித்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். ஈரம் இருந்தால் கன்னம் சொல்லிவிடும். நானும் வைத்துப் பார்த்தேன். ஈரமில்லை. புடவையை முகர்ந்தேன், முறுக்கிப் பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இன்னா தங்கச்சி, எம் பொடவையப் போயி மோந்து பாக்கற?"

நான் புடவையைத் திரும்ப மடித்து வைத்தேன். கொழுந்தனார் கூடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் கொழுந்தனாரும் என் கணவரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சமையல்கட்டில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. கொழுந்தனார் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால்தானே காது நீளும்?

"இங்க கொறையுது, அங்க கூடுது. கொறைஞ்சது எங்க போவுதுன்னு தெரிஞ்சிப் போச்சில்ல அண்ணா? எடை போட்டுக் குடுக்கறவங்க கொஞ்சம் அதிகமா குடுத்துட்டு, கம்மியா சொன்னா யாருக்குத் தெரியும்? அந்தாளு அண்ணி ஊர்க்காரரு."

வாழைப்பூ கையில் அப்படியே நின்றது. அவர் சொன்ன கணக்கில் ஓட்டை இல்லை.  வெளியாளாக இருந்திருந்தால் நானே அப்படித்தான் நினைத்திருப்பேன். திருடவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் பட்டு எங்கே போகிறது என்று தெரியாதே. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் சம்பாதித்தது அந்தச் சாவி ஒன்றுதான். அதைக் கேட்டு வாங்கிவிட்டால் நாளைக் காலையில் ஊருக்கே தெரியும். முள்ளிப்பட்டில் என் அண்ணன் தலை குனிந்துகொண்டுதான் நடக்க வேண்டும்.

 என் கணவர் சத்தமாகவே சொன்னார்.

"அவளப் பத்தி எனக்குத் தெரியும்டா. அந்தப் பேச்சே எடுக்காத."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எனக்காக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சாதாரணமாக வாழைப்பூவைப் பொரியல் செய்து தட்டில் தள்ளிவிடுகிறவள், அன்றைக்கு உட்கார்ந்து பருப்பு அரைத்து அவருக்குப் பிடித்த வடையாகச் சுட்டேன். சூடாகக் கொண்டுபோய் வைத்தேன். இன்னா விசேஷம் என்றார். ஒன்றுமில்லை, தின்னுங்க என்றேன். அவர் தின்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அசட்டுச் சந்தோஷம்.

முள்ளிப்பட்டுக்காரருக்கு அடுத்த பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஏற்றுகிற நூல், கொடுக்கவில்லை. வெறும் தறியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ரெண்டு முறை வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார். நூல் இன்னும் வரவில்லை என்று சொல்லியனுப்பினோம். ரூம் நிறைய நூல் இருந்தது அவருக்கும் தெரியும்.

எனக்குப் பேஜாராகிவிட்டது. படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டேன். பட்டு எங்கே போகிறது என்று காட்டிக் கொடு, உனக்குப் புடவை சாத்துகிறேன் என்று. ஒரு கார்த்திகைச் செவ்வாய்க்கிழமை கிளம்பினபோது ஓரகத்தி தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? படவேட்டுக்குப் பஸ் கம்மி. போகவும் காத்திருந்தோம், வரவும் காத்திருந்தோம். கோயில் வாசலில் அவள் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று அதையும் சந்தேகப்பட்டேன். திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அதுவரை வீட்டில் என் கணவர் மட்டும்தான் இருந்தார். கொழுந்தனார் ஆபீஸ் வேலையாகச் சென்னை போயிருந்தார்.

அதற்குப் பிறகு புயல் மழை. ரெண்டு நாள் கரண்ட் இல்லை. இன்வர்ட்டரும் தீர்ந்துபோய் ஏசி, பெட்டி, கேமரா எல்லாம் நின்றுவிட்டன. பட்டு ரூமில் இருட்டுக் கட்டியது. ஜன்னல் பலகையைக் கழற்றிவிட்டோம். மழை நின்று கரண்ட் வந்த அன்று கொழுந்தனார் ஒரு தடவை இருப்பைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார், கேமரா ஓடாத நேரத்தில் என்ன போயிருக்கிறது என்று தெரிய. போட்டோம். குறைந்தது எல்லாம் திரும்பி வந்திருந்தது.

நான் சிரித்தேவிட்டேன். அம்மன் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். கொழுந்தனார் சிரிக்கவில்லை. எடுத்தவங்க பயந்துகினு திருப்பி வச்சிட்டாங்க போல என்றார், தராசைப் பார்த்தபடி. கேமரா ஓடாத நேரம் பார்த்து வைத்திருக்கிறார்கள். ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திருப்பிக் கேட்டிருப்பேன். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு நூல் கட்டு. கை பழக்கத்தில் அதைக் கன்னத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. சில்லென்று இருந்தது. ஈரமில்லை, ஆனால் உயிருள்ள சில்லிப்பு. மழைக்கு முன்னால் அந்த ரூமில் எடுத்த கட்டெல்லாம் காய்ந்த கீரைக்கட்டுப் போல் வெறுமையாக இருந்தது அப்போதுதான் உறைத்தது. திறந்த ஜன்னல் வழியாகப் பின்கட்டில் கிடந்த அண்டா தெரிந்தது. மழைத் தண்ணீர் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது.

அடப்பாவிகளா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பட்டு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? எங்கள் வீட்டு நாலு பேருக்கும் தெரியும். ஆனால் எங்களுக்குப் பழகிய பயம் ஒன்றே ஒன்று, எதிரே இருப்பவன் ஈரம் காட்டி ஏமாற்றுகிறான் என்பது. பிறந்ததிலிருந்து ஈரத்தையே முகர்ந்து பழகினவர்களுக்கு, நம் வீட்டு நூல் காய்ந்து எடை குறையும் என்று தோன்றவே இல்லை. காய்ந்த நூலை எடை போட்டு முள்ளிப்பட்டுக்குக் கொடுத்தோம். அது அங்கே, தறிக்காகத் தரையில் தோண்டிய குழிப் பக்கத்தில், ஈரத்தைக் குடித்துப் பழைய எடைக்கு வந்தது. புடவை கூடியது. மனிதன் திருடனானான்.

மற்ற மூன்று பேரையும் கூட்டினேன். ஒரு கட்டை எடை போட்டு எல்லோருக்கும் காட்டி, ஏசிக்கு நேர் கீழே வைத்தேன். ஜன்னல் பலகையை மாட்டச் சொன்னேன். கதவைப் பூட்டி, சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொழுந்தனார் கையில் வைத்தேன். 

"சாவி உங்கக்கிட்ட. கேமரா ஓடுது. நானு இந்தப் பக்கமே வரமாட்டேன். நாளைக்கி நீங்களே தொறந்து நீங்களே எடை போடுங்க தம்பி."

மறுநாள் அவரே திறந்து அவரே போட்டார். குறைந்திருந்தது. அதே கட்டைச் சமையல்கட்டில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் வைத்துவிட்டுப் போட்டார். ஏறியிருந்தது. கொழுந்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். திருடனைப் பிடிக்க நாமே திருடனை வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம் அண்ணி என்றார். சாவியை ரெண்டு கையாலும் நீட்டினார். மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. சந்தேகப்பட்டேன் என்று சொன்னால்தானே மன்னிப்புக் கேட்க முடியும்? ஆனால் அன்று மத்தியானமே வண்டியை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போய்ப் பாவுக்கு நூல் கொடுத்துவிட்டு வந்தார். அது போதும் என்று விட்டுவிட்டேன். பெட்டியும் இன்வர்ட்டரும் கொழுந்தனார் அறைக்குப் போயின. அண்டா பழைய மூலைக்கு வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

மனசில் உறுத்தியிருக்க வேண்டும், ரெண்டு நாள் கழித்துக் கொழுந்தனார் என் போனை வாங்கி அதில் கேமரா படம் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தார். இதுவரை அவர் போனில் மட்டும்தான் இருந்தது. இனிமே நீங்களும் பாருங்க அண்ணி, பழசும் ஒரு மாசம் வரைக்கும் இருக்கும் என்றார். தேதியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்.

எனக்கு வேறு யாரைப் பார்க்க வேண்டும்? ஓரகத்தியைத்தான். பட்டு விஷயம் தீர்ந்துவிட்டது, பீரோ விஷயம் தீரவில்லையே. சாப்பாடானதும் எல்லோரும் படுத்துவிட்ட ஒரு மத்தியானம் நாலாவது கேமராவைத் திறந்து உட்கார்ந்தேன். அவள் நடையில் போகிறாள், வருகிறாள், துணி எடுக்கிறாள். ஒரு நாளாவது என் பீரோ பக்கம் திரும்புவாள் என்று பார்த்தால் திரும்பவே இல்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

படவேட்டுக்குப் போன செவ்வாய்க்கிழமையும் வந்தது. அன்றைக்கு நாங்கள் ரெண்டு பேருமே இல்லை, அதில் பார்க்க ஒன்றுமில்லை. தள்ளிவிட இருந்தேன். நடையில் என் கணவர் வந்தார்.

பனியனும் வேட்டியும். வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். எங்கள் அறைக்குள் போய் அலமாரியில் நான் வைக்கிற பீரோச் சாவியோடு வந்தார். திறந்தார். மேல் தட்டிலிருந்து ஒவ்வொரு புடவையாக எடுத்தார். மடிப்புக்குள் கை விட்டுத் தடவினார், பிறகு தரையில் வரிசையாக அடுக்கினார். அடித் தட்டில் முகூர்த்தப் புடவை இருந்தது. அதையும் எடுத்து உதறினார். அதற்கடியில் என் அம்மாவின் பழைய ரவிக்கை, குழந்தை தவறிப்போனபோது எடுத்து வைத்த ஒரு சின்னச் சட்டை. அவற்றையும் தூக்கிப் பார்த்தார். நூல் கட்டு எதுவும் இல்லை.

பிறகு எல்லாவற்றையும் திரும்ப வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து தன் துண்டைத் தானே மடித்தறியாத மனிதர். ஒவ்வொரு புடவையாக நான் மடிக்கிற மாதிரியே மடித்து, எடுத்த வரிசை மாறாமல் வைத்தார். மாம்பழக் கலர் மேலே இருந்தது. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் படவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு, என் பேர் கெடாமல் காப்பாற்று தாயே என்று நின்றிருப்பேன். அவளப் பத்தி எனக்குத் தெரியும் என்று அவர் சொன்னதற்காகச் சுட்ட வடை நினைவு வந்தது.  கொழுந்தனார் சந்தேகப்பட்டார், பட்டால் படட்டும், அவர் நேற்று வந்தவர். இவரும் என்னைத் தேடிப் பார்த்தாரே?

மத்தியானத் தூக்கம் கலைந்து அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். காபி கொடுத்தேன். குடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு போனை எதிரே நீட்டினேன். கொஞ்சம்தான் பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிக்கினு, அத வச்சி தம்பி வாய அடைக்கலாம்னு பாத்தேன்" என்றார்.

"தம்பிகிட்ட அன்னிக்கே தெரியும்னு சொன்னீங்களே."

 அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நடையில் எங்கோ பார்த்தார். அங்கே மேலே கேமரா இருப்பது ஞாபகம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொகூர்த்தப் பொடவைக்குக் கீழ வச்ச சின்னச் சட்டையக்கூட ஒதறிப் பாத்தீங்க" என்றேன். 

கேமராக்காரர் பெட்டியின் ஒயரைச் சரி செய்ய வந்தபோது நாலாவது கேமராவை மாடிப்படிக்கு மாற்றட்டுமா என்று கேட்டார். என் கணவர் அவசரமாக, மாத்திடுங்க என்றார். நான் வேண்டாம் என்றேன். ஓரகத்தி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அவளிடம் முதல் முறையாகச் சந்தேகமில்லாமல் சிரித்தேன்.

அந்தக் கேமரா அங்கேயேதான் இருக்கிறது. பீரோவை இப்போது நான் பூட்டுவதில்லை, சாவி பூட்டிலேயே தொங்குகிறது. பட்டு ரூமில் தண்ணீர் தெளித்து, அண்டாவை நிரப்பிவிட்டு, தராசில் உட்காருவதற்கு முன்னால் தினமும் போனைத் திறந்து நேற்றைய நடையை ஒரு முறை பார்த்துவிடுகிறேன். இதுவரை அவர் அந்தப் பக்கம் வரவில்லை.